கேட் ஓரத்தில் ஏழு நாள்

டெல்டாவில் ஒரு நகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் வரைவாளராக வேலை பார்த்தேன். மேசை முழுக்கப் புலப்படங்களும் நகர அளவைப் படங்களும் கிடக்கும். அவற்றில் ரயில் பாதை என்பது ஊரின் வடக்கே போகும் இரண்டு மெல்லிய கோடு. அதைத் தாண்டி எவ்வளவு பேர் பிழைக்கிறார்கள் என்பது, ஏழு நாள் ரயில்வே கேட் ஓரத்தில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் பக்கத்தில் ஸ்டேஷன் இருக்கும் இடத்தை ரயிலடி என்பார்கள். 1861-62-ல் நாகப்பட்டினத்திலிருந்து திருவாரூர், தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு முதல் பாதை வந்தது. அப்புறம் மாயவரம், கும்பகோணம் வழியாக மெயின் லைன். கோயிலும் கடைத்தெருவும் ஏற்கெனவே இருந்த ஊர்களில் தண்டவாளம் ஒதுங்கித்தான் போக முடிந்தது. மயிலாடுதுறையில் இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஜங்ஷனுக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும். எங்கள் ஊரிலும் அப்படித்தான். ஸ்டேஷன் வாசல் ஊரைப் பார்த்து இருந்தது, முதுகுப்புறம் வயல். பிறகு அந்த முதுகுப்புறத்தில் குடியிருப்புகள் வந்தன, மனைப்பிரிவுகள் வந்தன, வாசல் மட்டும் பழைய பக்கமே நின்றுவிட்டது.

கேட்டுக்குப் பதில் பாலம் வேண்டும் என்று மக்கள் பல வருடம் கேட்டார்கள். ரயில்வேயும் மாநில அரசும் செலவைப் பாதிப் பாதியாக ஏற்று மேம்பாலம் கட்ட அப்போது ஒரு கணக்கு இருந்தது. ஒரு நாளில் போகும் ரயில்களின் எண்ணிக்கையை, கேட்டைக் கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். பெருக்கல் 1 லட்சத்தைத் தொட வேண்டும். 20 ரயில் ஓடினால் 5,000 வண்டி. லாரி, பஸ், கார், மாட்டுவண்டி ஒவ்வொன்றும் ஒன்று. ஆட்டோவும் சைக்கிள் ரிக்‌ஷாவும் அரை. நடந்து போகிறவருக்கு அதில் இடமில்லை.

ஏழு நாள் கணக்கெடுப்புக்கு நகராட்சி சார்பில் என்னை அனுப்பினார்கள். காலை ஐந்தரைக்கே நடவுக்குப் போகும் பெண்கள் கூட்டமாக வந்துவிடுவார்கள். ஏழரைக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள். ஒற்றை லைன் என்பதால் ஸ்டேஷனில் இரண்டு ரயில் கிராஸிங் ஆகும் நேரத்தில் கேட் திறக்கவே திறக்காது. கேட்கீப்பர் அண்ணன் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்: "கேட்டப் பூட்டினாத்தான் தம்பி சிக்னல் விழும். நான் திறந்து வச்சிருந்தா டிரைவருக்குச் சிவப்புதான். ஜனங்க என்னைத் திட்டுறாங்க, நான் என்ன பண்ண?" கேட் மூடியதை உறுதி செய்ய ஸ்டேஷன் மாஸ்டர் போனில் ஒரு நம்பர் சொல்வார், இவர் நோட்டில் எழுதிக்கொண்டு தன் நம்பரைச் சொல்வார். ஒரு இலக்கம் தப்பக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் இவர் திருப்பிச் சொல்வதைக் கேட்டபோது, அந்தச் சின்னக் கூண்டின் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

மூன்றாம் நாள், கீரைக்கட்டு விற்கும் அம்மா ஒருவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு என் தாளை எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, எங்களையும் எழுதிக்கிட்டீங்களா?" பதில் சொல்ல வரவில்லை. அன்றிலிருந்து தாளின் பின்பக்கத்தில் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் தனியாகக் கோடு போட்டேன். தாள் நிறைந்து பழைய காலண்டர் அட்டைக்குப் போனது. யாரும் கேட்காத கணக்கு அது. ஆனால் என் வேலை நாட்களில் நான் செய்த உருப்படியான காரியம் எது என்றால் அதைத்தான் சொல்வேன்.

முன்பக்கக் கணக்கு மேம்பாலத்துக்குப் பத்தவில்லை. வந்திருந்தாலும் இடம் கிடைத்திருக்குமா என்பது வேறு கேள்வி. சரிவு முப்பதுக்கு ஒன்று, உயரம் 8 மீட்டர் என்றால் ஒரு பக்கத்துக்கே 240 மீட்டர் நீளம் வேண்டும். கடைத்தெருவில் பாதி போய்விடும். சரி, கேட்டை மூடிவிட்டுக் கொஞ்சம் தள்ளிச் சுரங்கப்பாதை என்று முடிவானது. அதற்கு ஒரு தெருவை நீட்டி இணைக்க வேண்டும். நான் ஸ்கேல் வைத்து நேராக இழுத்துவிட்டேன். இடத்தைப் பார்க்கப் போனபோது அங்கே நின்ற விவசாயி ஒருவர் சொன்னார்: "இது மழைத்தண்ணி வடியிற வடிவாய்க்கால் சார். இப்ப காஞ்சு கெடக்கு. கார்த்திகையில வந்து பாருங்க."

டெல்டாவில் தெரு போடும்போது முதலில் கேட்க வேண்டியது தண்ணீரைத்தான். நிலம் கிழக்கே மிக லேசாகச் சரிகிறது. அந்தச் சரிவில் ரயில் மேடு ஒரு கரை மாதிரி குறுக்கே நிற்கிறது. பழைய ஆட்கள் பாதை போட்டபோது இத்தனை மதகு ஏன் வைத்தார்கள் என்பது ஒரு அடைமழைக்காலத்தைப் பார்த்தால் தெரியும். தெருவை நாற்பது அடி தள்ளி வளைத்து வரைந்தேன். வளைவு அழகாக இல்லை என்று மேலே ஒருவர் வருத்தப்பட்டார். வாய்க்கால் பிழைத்தது.

பின்பக்கக் கணக்கைக் காட்டி, சுரங்கப்பாதையில் நடப்பவர்களுக்கு மூன்றடி உயர்த்திய மேடை கேட்டேன். வரைபடத்தில் அது இருந்தது. செலவு மதிப்பீட்டில் குறைத்துவிட்டார்கள். அப்போது இன்னும் அழுத்திப் பேசியிருக்க வேண்டும் என்று இன்றுவரை மனசு கேட்கவில்லை.

இப்போது கேட் இருந்த இடத்தில் வேலி. ஐப்பசியில் பாதைக்குள் முழங்கால் தண்ணீர் நிற்கும், மோட்டார் வைத்து இறைப்பார்கள். பைக்குகள் தயங்கித் தயங்கி இறங்கும். போன வருடம் மழைநாளில் அந்தப் பக்கம் போனேன். வேலியில் ஓர் இடைவெளி. பள்ளிச் சீருடையில் இரண்டு பிள்ளைகள் சைக்கிளை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு, ஜல்லியில் கால் இடற, தண்டவாளத்தைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஓடிப்போய்ச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்தேன்.