பத்து நிமிடத்தில் முடிவு செய்த பாடம்

பாடத் தேர்வுப் படிவம் போன வாரம் வந்தது. இளையவள் பத்தாம் வகுப்பை முடிக்கப் போகிறாள். அடுத்த இரண்டு வருடம் ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலரியேட்) டிப்ளமாவா, ஏபி (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) பாடங்களா என்று இந்த மாதக் கடைசிக்குள் சொல்லியாக வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் இதே படிவம் அவள் அண்ணனுக்காக வந்தது. அன்று அதை நிரப்பியது நான். அவன் கையெழுத்து மட்டும்தான் போட்டான்.

அப்போது எங்கள் வீட்டில் ஆறு மாதம் ஒரே பேச்சு. டிப்ளமா நல்லதா, ஏபி நல்லதா? எதைக் கல்லூரிகள் மதிக்கின்றன? பெரியவர்களின் பிள்ளைகள் எதை எடுத்தார்கள்? தெரிந்தவர்கள் ஒருவர் விடாமல் எல்லோரையும் கேட்டேன். கடைசியில் டிப்ளமா என்று முடிவானது. அதற்குள் எந்தக் கணக்குப் பாடம் என்பதை முடிவு செய்ய எங்களுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இப்போது திரும்பிப் பார்த்தால், அவன் வாழ்க்கையை மாற்றியது அந்தப் பத்து நிமிடம்தான்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஐபி டிப்ளமா 1968 முதல் நடக்கும் இரண்டு வருடப் படிப்பு. ஆறு பாடங்கள். அவற்றில் மூன்றை ஹையர் லெவலிலும் மூன்றை ஸ்டாண்டர்ட் லெவலிலும் எடுப்பது வழக்கம். ஹையர் லெவலுக்கு 240 மணி நேரமும் ஸ்டாண்டர்ட் லெவலுக்கு 150 மணி நேரமும் வகுப்பு இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஒவ்வொரு பாடத்துக்கும் அதிகபட்சம் 7 மதிப்பெண், ஆக 42. இதற்கு மேல் 4,000 சொல் வரை போகும் எக்ஸ்டெண்டட் எஸ்ஸே என்ற ஆய்வுக் கட்டுரையும், தியரி ஆஃப் நாலெட்ஜ் என்ற பாடமும் சேர்ந்து 3 மதிப்பெண் தரும். மொத்தம் 45. விளையாட்டு, கலை, சேவை என்று காஸ் ஒன்று இருக்கிறது. அதற்கு மதிப்பெண் கிடையாது, ஆனால் முடிக்காவிட்டால் டிப்ளமாவும் கிடையாது.

ஏபி வேறு மாதிரி. அது மொத்தமாகக் கட்டித் தரும் மூட்டை இல்லை. ஒரு பாடமும் எடுக்கலாம், ஏழும் எடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மே மாதத்தில் தனித் தேர்வு. 1 முதல் 5 வரை மதிப்பெண். நல்ல மதிப்பெண்ணுக்குச் சில கல்லூரிகள் கிரெடிட் தரும், அதாவது அந்தப் பாடத்தைக் கல்லூரியிலேயே படித்ததாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். சில கல்லூரிகள் 3 போதும் என்கின்றன, சில 5 கேட்கின்றன, சில தருவதே இல்லை. அது ஒவ்வொரு கல்லூரியின் பக்கத்திலும் பாடவாரியாக எழுதியிருக்கும்.

மூத்தவன் விஷயத்துக்கு வருகிறேன். ஐபியில் 2019 முதல் கணக்கு இரண்டு வகை. ஒன்று அனாலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ்: அல்ஜீப்ரா, கால்குலஸ், நிரூபணம் என்று போகும். இன்னொன்று அப்ளிகேஷன்ஸ் அண்ட் இன்டர்ப்ரெடேஷன்: புள்ளியியல், மாடலிங், கால்குலேட்டரை நன்றாகப் பயன்படுத்துவது. இரண்டிலும் ஹையர், ஸ்டாண்டர்ட் உண்டு. ஆக நான்கு வாசல்கள். நான் ஒரு தாளில் அட்டவணை போட்டேன். அனாலிசிஸ் ஹையர் எடுத்தால் 5 வரும், கஷ்டப்பட்டால் 6. அப்ளிகேஷன்ஸ் ஸ்டாண்டர்ட் எடுத்தால் 7 நிச்சயம். இரண்டு மதிப்பெண் வித்தியாசம். 38-ஐ 40 ஆக்க இதைவிட எளிதான வழி எனக்குத் தெரியவில்லை. "எந்தப் படிப்பு வேணும்னு இன்னும் தெரியலையே, எதுக்கு ரிஸ்க்?" என்று அவனிடம் சொன்னேன். அவனும் சரி என்றான். அவனுக்கு அப்போது பதினைந்தரை வயது.

ஹையர் லெவலில் இயற்பியல், பொருளாதாரம், ஆங்கிலம். நன்றாகத்தான் போனது. முதல் வருடக் கடைசியில் எக்ஸ்டெண்டட் எஸ்ஸேக்குத் தலைப்பு தேட வேண்டியிருந்தது. இயற்பியலில் எழுதுகிறேன் என்றான். ஒரு மெல்லிய மரச் சட்டத்தின் ஒரு முனையைச் சாப்பாட்டு மேசையின் விளிம்பில் இறுக்கிப் பிடிக்க வைத்து, மறுமுனையில் எடையைத் தொங்கவிட்டு, முனை எவ்வளவு தொய்கிறது என்று அளந்தான். சட்டத்தின் நீளத்தை மாற்றி மாற்றி அளந்தான். பக்கத்தில் ஸ்கேலை நிறுத்திப் போனில் படம் எடுத்து, படத்தைப் பெரிதாக்கி மில்லிமீட்டர் எண்ணினான். மூன்று வாரம் அந்த மேசையின் அந்தப் பக்கத்தில் யாரும் உட்கார முடியவில்லை.

நீளத்தை இரண்டு மடங்காக்கினால் தொய்வு இரண்டு மடங்கு ஆவதில்லை. எட்டு மடங்கு ஆகிறது. நீளத்தின் மூன்றாம் படி. புத்தகத்தில் இருக்கும் விஷயம்தான். ஆனால் தன் கையால் அளந்த எண்கள் எட்டுக்கு மிக அருகில் வந்து நின்ற இரவில் என்னை எழுப்பிக் காட்டினான். "அம்மா, இதனாலதான் பால்கனியைக் கொஞ்சம் நீட்டினாலும் அவ்வளவு யோசிக்கிறாங்க!" என்றான். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. அடுத்த வாரம் சிவில் இன்ஜினியரிங் படிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டான்.

அவனே உட்கார்ந்து ஒவ்வொரு துறையின் சேர்க்கைப் பக்கத்தையும் திறந்தான். பல இடங்களில் ஒரே வரி: கணக்கு ஹையர் லெவல். சில இடங்களில் அனாலிசிஸ் மட்டும்தான் என்று தெளிவாகவே எழுதியிருந்தது. அப்ளிகேஷன்ஸ் ஸ்டாண்டர்ட் எங்கேயும் இல்லை. அப்போது இரண்டாம் வருடம் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. மாற முடியுமா என்று கேட்டோம். ஒரு வருடப் பாடத்தை விட்டுவிட்டு நடுவில் ஏறினால் இருக்கிற மதிப்பெண்ணும் போய்விடும் என்று ஆசிரியர் பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னது சரி.

அவன் 41 வாங்கினான். கணக்கில் 7. நான் போட்ட அட்டவணை அப்படியே பலித்தது. அவன் கேட்ட படிப்பு மட்டும் கிடைக்கவில்லை. மூன்று துறைகளுக்குக் கடிதம் எழுதினான். இரண்டு முடியாது என்றன. ஒன்று மட்டும், ஏ லெவல் (பிரிட்டனின் பள்ளி இறுதித் தேர்வு) கணக்கைத் தனித்தேர்வராக எழுதி நல்ல கிரேடு வாங்கினால் எடுத்துக்கொள்கிறோம் என்றது. இந்த ஒரு வருடமாக வீட்டில் இருந்து அதைத்தான் படிக்கிறான். தேர்வு மே, ஜூனில். கூடப் படித்தவர்கள் எல்லாம் கல்லூரியில் முதல் வருடத்தை முடிக்கப் போகிறார்கள். அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்குத்தான் அந்த மேசையைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது.

அதனால் இந்த முறை வேறு பக்கத்திலிருந்து ஆரம்பித்தோம். டிப்ளமாவா ஏபியா என்ற பேச்சையே எடுக்கவில்லை. இளையவளிடம், "எதைப் படிச்சா உனக்குப் பிடிக்கும்னு தோணுது? மூணு சொல்லு, மாத்திக்கலாம்" என்றேன். உயிரியல், பொருளாதாரம், கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றாள். மூன்றுக்கும் நாலைந்து பல்கலைக்கழகங்களின் சேர்க்கைப் பக்கங்களைத் திறந்து, பள்ளியில் என்னென்ன பாடம் கேட்கிறார்கள் என்று அவளே ஒரு நோட்டில் எழுதினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதுமாக இருந்தது.

அந்த நோட்டு எனக்கே பாடம் சொன்னது. பொருளாதாரம் படிக்கப் பள்ளியில் பொருளாதாரம் படித்திருக்க வேண்டும் என்று பல துறைகள் கேட்கவே இல்லை, கணக்கைக் கேட்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸும் அப்படியே. உயிரியல் சார்ந்த படிப்புகளில் பெரும்பாலும் கெமிஸ்ட்ரி வந்து நின்றது. மூன்று ஆசைக்கும் பொதுவாக எது வருகிறது என்று பார்த்தால் கணக்குதான். அவள் அந்த வரியின் கீழ் இரண்டு கோடு போட்டாள்.

அப்புறம்தான் எந்த வழியில் படிப்பது என்ற கேள்வி. இதற்கு அவள் அண்ணனின் கட்டுரையை எடுத்துக் கொடுத்தேன். ஒரே மூச்சில் படித்துவிட்டு, "இதை எழுத எவ்வளவு நாள் ஆச்சு?" என்று அவனிடம் கேட்டாள். "தலைப்பு தேடினதுல இருந்து பத்து மாசம்" என்றான். அவள் முகம் மாறியது. என் பெண் ஒன்றை எடுத்தால் அன்றே முடிக்க வேண்டும் என்று நினைப்பவள். வாரா வாரம் தேர்வு வைத்தால் உற்சாகமாக இருப்பாள். மூன்று மாதம் கழித்துத் தர வேண்டிய வேலையைக் கடைசி வாரம் வரை தொடமாட்டாள், அந்த மூன்று மாதமும் அதை நினைத்துத் தூக்கம் கெடும். காலையில் நீச்சல் பயிற்சி வேறு, வாரத்துக்கு ஆறு நாள். டிப்ளமாவில் நீச்சலை காஸில் சேர்த்துக்கொள்ளலாம், உண்மைதான். ஆனால் இரண்டாம் வருடத் தொடக்கத்தில் ஆறு பாடத்தின் உள் மதிப்பீட்டு வேலைகளும், எக்ஸ்டெண்டட் எஸ்ஸேயும், கல்லூரி விண்ணப்பங்களும் ஒரே நேரத்தில் வந்து விழும். மூத்தவன் அந்த மாதங்களில் எப்படி இருந்தான் என்பதை அவள் அடுத்த அறையிலிருந்து பார்த்திருக்கிறாள்.

இதில் வியப்பு என்னவென்றால், மறுபடி வாய்ப்பு வந்தால் டிப்ளமாவையே எடுப்பேன் என்கிறான் மூத்தவன். "அந்த எஸ்ஸே இல்லன்னா எனக்கு சிவில் பிடிக்கும்னே தெரிஞ்சிருக்காது" என்கிறான். அவனுக்கு அந்தப் பத்து மாதம் வேண்டியிருந்தது. இவளுக்கு அது சுமையாகத் தெரிகிறது. ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு பேர்.

நாத்தனார் போனில் கேட்டார்: "டிப்ளமா எடுக்கலேன்னா நல்ல காலேஜ் கிடைக்காதாமே?" இதே பயம்தான் மூன்று வருடத்துக்கு முன் என்னை ஆட்டியது, அதனால் விரிவாகவே பதில் சொன்னேன். அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போகும்போது, பள்ளியில் என்னென்ன பாடங்கள் கிடைக்கின்றன, அவற்றில் இந்த மாணவி எடுத்தவை எவ்வளவு கடினமானவை என்ற விவரத்தையும் பள்ளியின் கௌன்சிலர் சேர்த்து அனுப்புவார். இருக்கிற வாய்ப்பில் என்ன செய்தாள் என்றுதான் பார்க்கிறார்கள். டிப்ளமாவே நடத்தாத பள்ளிகளிலிருந்து எத்தனையோ பேர் போகிறார்கள். இன்னொன்று, கடைசி வருடத் தேர்வு முடிவுகள் ஜூலையில்தான் வரும். அதற்குள் பெரும்பாலான இடங்களில் சேர்க்கை முடிவாகியிருக்கும். அதுவரை கடைசி வருடத்தைப் பற்றி அவர்கள் கையில் இருப்பது வகுப்பு மதிப்பெண்ணும், ஐபி என்றால் ஆசிரியர் கணித்துத் தரும் மதிப்பெண்ணும்தான். பிரிட்டனில் அந்தக் கணிப்பை வைத்து நிபந்தனையோடு இடம் கொடுத்துவிட்டு, முடிவு வந்ததும் உறுதி செய்வார்கள். ஆக, தினமும் உட்கார்ந்து படிக்க முடிகிற பாடமாக இருக்க வேண்டும். பெயருக்காக எடுத்து, வகுப்பில் தடுமாறினால் அந்தத் தடுமாற்றம்தான் விண்ணப்பத்தில் முதலில் தெரியும்.

இப்போதைக்கு அவள் ஏபி பக்கம் சாய்ந்திருக்கிறாள். பதினோராம் வகுப்பில் உயிரியலும் புள்ளியியலும். பன்னிரண்டில் கெமிஸ்ட்ரியும் கால்குலஸும். மற்றவை சாதாரண வகுப்புகள். நாலு போதுமா, ஆறு எடுக்க வேண்டாமா என்று என் மனசு ஒரு நாள் இரவு முழுக்க அலைந்தது. காலையில் அவள் ஈரத் தலையோடு பள்ளிக்குக் கிளம்புவதைப் பார்த்தேன், கேட்காமல் விட்டுவிட்டேன்.

மீதம் இருப்பது ஒரு வரி. கால்குலஸில் ஏபி, பிசி என்று இரண்டு இருக்கிறது (முதலாவதின் பெயரும் ஏபிதான், குழப்பம் வரும்). பிசியில் முதலாவதன் பாடங்கள் முழுக்க அடங்கும்; அதற்கு மேல் தொடர்கள், துருவ ஆயங்கள் எல்லாம் வரும். கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் போவதாக இருந்தால் பிசி நல்லது என்கிறான் அண்ணன். அவளுக்குப் பயமாக இருக்கிறது. படிவத்தில் அந்த ஒரு கட்டத்தை மட்டும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள்.

வியாழக்கிழமை கணக்கு ஆசிரியரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறோம். கேட்க வேண்டியதை அவளே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறாள். பிசியில் சேர்ந்து முடியவில்லை என்றால் எந்தத் தேதி வரை கீழே இறங்கலாம்? அப்படி இறங்கினால் மதிப்பெண் பட்டியலில் தெரியுமா? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வீட்டு வேலை? என் போன தேர்வுத் தாளைப் பார்த்து, நான் எதில் பலவீனமாக இருக்கிறேன் என்று சொல்ல முடியுமா? நான் கூட வரலாமா என்று கேட்டேன். "வாங்கம்மா, ஆனா நான்தான் பேசுவேன்" என்றாள்.