கடன் தவறினால் யாருக்கு என்ன அதிகாரம்?

தனிநபர் கடனோ கிரெடிட் கார்டோ, தவணை தவறியதும் முதலில் வருவது போன். அந்தப் போனில் பேசுகிறவருக்கு உள்ள அதிகாரம் ஒன்றே ஒன்று: பணம் கட்டச் சொல்லிக் கேட்பது. உண்மையான அதிகாரம் உள்ளவர்கள் பின்னால் வருவார்கள், பெரும்பாலும் சத்தமில்லாமல், தபாலில். சத்தம் போடுகிறவருக்குப் பயந்து நகையை அடகு வைப்பதும், கோர்ட்டிலிருந்து வந்த கவரைப் பிரிக்காமல் டிவி மேல் வைத்துவிடுவதும் பல வீடுகளில் நடக்கிறது. கவனிக்க வேண்டிய வரிசை இதற்கு நேர் எதிரானது.

முதல் 90 நாள் முக்கியம். தவறிய 30 நாள் வரை ஒரு நிலை, 60 வரை அடுத்தது, 90 வரை மூன்றாவது, அதைத் தாண்டினால் வாராக்கடன் கணக்கில் போய்விடும். அந்தக் கணக்கில் சேர்ந்தால் வங்கி தன் லாபத்திலிருந்து பணம் ஒதுக்க வேண்டியிருக்கும். அதனால் தவணைக் காலத்தை நீட்டிக் கொடுப்பது, தவணைத் தொகையைக் குறைப்பது போன்ற பேச்செல்லாம் 90 நாளுக்குள்தான் எடுபடும். கோரிக்கையை மின்னஞ்சலில் வையுங்கள்: கடன் எண், வருமானம் குறைந்த காரணம், மாதம் எவ்வளவு கட்ட முடியும், எந்த நேரத்தில் எந்த எண்ணில் பேசலாம். கிளைக்கு நேரில் போய்ப் பேசிவிட்டு வந்தால் நாளை அதற்குச் சாட்சி கிடையாது. கையோடு கணக்கு அறிக்கையும் கேளுங்கள். கிரெடிட் கார்டு தவிர்த்த கடன்களில் 2024 முதல் தாமதத்துக்கு அபராதக் கட்டணம் மட்டும்தான் போடலாம். அதை வட்டி விகிதத்தில் ஏற்றக்கூடாது, அந்தக் கட்டணத்தின் மேல் வட்டியும் போடக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. பழைய பழக்கத்தில் போட்டுவிட்ட கணக்குகள் இன்னும் கண்ணில் படுகின்றன.

வசூல்காரர்கள் விஷயத்துக்கு வருவோம். 2022 ஆகஸ்ட் 12 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைப்படி காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் வசூலுக்காக அழைக்கக்கூடாது. குழுக் கடன் என்று நம் ஊரில் சொல்லும் நுண்கடனுக்கு இன்னும் கட்டுப்பாடு அதிகம்: காலை 9 முதல் மாலை 6 வரைதான். குழுக் கடனில் வசூல் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பொது இடத்தில் நடக்க வேண்டும். அங்கே தொடர்ந்து 2 முறை வராமல் போனால்தான் ஊழியர் வீட்டுக்கே வரலாம். உறவினர், நண்பர், கூட வேலை பார்ப்பவர் ஆகியோரைத் தொந்தரவு செய்வது, திட்டுவது, பொது இடத்தில் அவமானப்படுத்துவது, விடாமல் போன் அடிப்பது எல்லாமே எந்தக் கடனுக்கும் தடை. நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போடாத அண்ணன் கடனுக்கு உங்களைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. ஜாமீன் போட்டிருந்தால் கதையே வேறு. கடன் வாங்கியவரை விட்டுவிட்டு நேராக உங்களிடமே வரலாம்.

வாசலுக்கு வருகிறவரிடம் கேட்க வேண்டியவை மூன்று: அடையாள அட்டை, வங்கி கொடுத்த அங்கீகாரக் கடிதம், கடன் தவறியதற்கான நோட்டீஸ் நகல். இவற்றை வைத்திருப்பது அவர் கடமை. எந்த ஏஜென்சியிடம் உங்கள் கணக்கைக் கொடுத்திருக்கிறது என்பதை வங்கி முன்கூட்டியே உங்களுக்குத் தெரிவித்திருக்கவும் வேண்டும். மூன்றும் இல்லாதவரை உள்ளே விட வேண்டியதில்லை, பேச வேண்டியதும் இல்லை. இன்னொன்று: ஆளின் சொந்த ஜிபே எண்ணுக்குப் பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள். அதிகம் ஏமாறுவது இங்கேதான். வங்கியின் செயலியில் கடன் எண்ணைப் போட்டுக் கட்டுங்கள். ரொக்கமாகத்தான் கட்ட முடியும் என்றால் நிறுவனத்தின் ரசீது கையில் வந்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.

மிரட்டல் வந்தால் அழைப்பைப் பதிவு செய்யுங்கள். தேதி, நேரம், எண் குறித்துக்கொண்டு வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். இதில் பலர் கவனிக்காத லாபம் ஒன்று உண்டு. புகார் நிலுவையில் இருக்கும்வரை, அது வெறும் சாக்கு என்று வங்கி முடிவுக்கு வந்தால் தவிர, கணக்கை வசூல் ஏஜென்சிக்கு அனுப்பக்கூடாது என்று 2008-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, உதவி எண் 14448. வங்கிக்கு எழுதாமல் நேரே அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பதிலே வராவிட்டால் அந்த 30 நாளைச் சுருக்க வழியில்லை.

கடன் செயலிகள் உங்கள் தொடர்புப் பட்டியலையோ படங்களையோ தொடக்கூடாது என்று 2022 செப்டம்பர் முதல் விதி இருக்கிறது. தொடுகிற செயலி பெரும்பாலும் பதிவில்லாத கும்பல். படத்தை மாற்றி ஒட்டி உறவினர்களுக்கு அனுப்பினால் அது சைபர் குற்றம். 1930-க்கு அழையுங்கள், சைபர் குற்றத் தளத்திலும் பதியுங்கள். பணம் கட்டி வாயை அடைக்கப் பார்த்தால் மறுவாரம் இன்னொரு பெயரில் வருவார்கள்.

இனி தாள்கள். வாட்ஸ்அப்பில் அசோக சின்னம் போட்டு, சிவப்பு எழுத்தில் ‘கைது வாரண்ட்’ என்று வருவது பெரும்பாலும் வசூல் அலுவலகத்தில் அடித்த தாள். நிஜ வழக்குக்கு 16 இலக்க சிஎன்ஆர் எண் இருக்கும். இ-கோர்ட்ஸ் தளத்தில் அதைப் போட்டால் வழக்கு, நீதிமன்றம், அடுத்த வாய்தா எல்லாம் தெரியும். லோக் அதாலத் நோட்டீஸ் வேறு வகை. வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு அழைப்பது அது. போகாவிட்டால் தண்டனை கிடையாது, ஆனால் போவது நல்லது. வட்டியில் தள்ளுபடி கேட்க அதுவே நல்ல இடம். ஒன்றை மறக்கக் கூடாது: அங்கே கையெழுத்துப் போட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. கட்ட முடியாத தொகைக்கு அவசரத்தில் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மத்தியஸ்தர் (ஆர்பிட்ரேட்டர், நீதிமன்றத்துக்கு வெளியே தீர்ப்புச் சொல்பவர்) பெயரில் நோட்டீஸ் வந்தால் கட்டாயம் பதில் போடுங்கள். கடன் கொடுத்த நிறுவனமே தனக்கு வேண்டியவரை ஒருதலையாக மத்தியஸ்தராக நியமிப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2019-லேயே சொன்னது, 2024-ல் அரசியல் சாசன அமர்வும் ஒருதலை நியமனத்தை ஏற்கவில்லை. முதல் பதிலிலேயே இந்த ஆட்சேபத்தை எழுத்தில் வையுங்கள். பேசாமல் இருந்தால் ஒருதலைத் தீர்ப்பு வந்து, அது டிக்ரி (சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணை) மாதிரியே நிறைவேற்றத்துக்கு வரும். அதை எதிர்த்து மனுப் போட 3 மாதம்தான் அவகாசம்.

இருப்பதிலேயே கூர்மையான ஆயுதம் காசோலை வழக்கு, மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு. நீங்கள் கொடுத்த காசோலையை வங்கி பணமில்லை என்று திருப்பிய 30 நாளுக்குள் கடன் கொடுத்தவர்கள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கைக்கு வந்த 15 நாளுக்குள் நீங்கள் பணம் கட்டலாம். கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் அவர்கள் வழக்குப் போட வேண்டும். இது குற்ற வழக்கு: 2 ஆண்டு வரை சிறை, காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் தவணை பவுன்ஸ் ஆனாலும் 2007-ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடாச் சட்டம் 25-வது பிரிவு இதே தண்டனையைச் சொல்கிறது. கணக்கை மூடிவிட்டால் தப்பலாம் என்பது தவறான யோசனை. மூடிய கணக்கின் காசோலையும் 138-க்குள் வரும். கணக்கில் போடும் காசோலைக்கு, பணம் பெறுகிறவரின் வங்கிக் கிளை எங்கே இருக்கிறதோ அங்கேதான் வழக்கு நடக்கும். திருநெல்வேலிக்காரருக்கு வெளிமாநில நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தால் உடனே போலி என்று ஒதுக்காமல் சிஎன்ஆர் எண்ணைச் சரிபார்ப்பது இதனால்தான்.

இந்த இடத்தில்தான் கடன் அரசு அலுவலகங்களுக்குள் நுழைகிறது. கடன் பாக்கி இருப்பதற்காக மட்டும் பாஸ்போர்ட்டை மறுக்க மாட்டார்கள். ஆனால் நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்த 138 வழக்கு, பாஸ்போர்ட் சட்டத்தின் பார்வையில் நிலுவையில் உள்ள குற்ற வழக்கு. புதுப்பிக்கப் போனால் அந்த நீதிமன்றத்தின் அனுமதி கேட்பார்கள். விண்ணப்பத்தில் மறைத்தால் அது தனிச் சிக்கல். வளைகுடா வேலைக்கு விசா வந்த பிறகு இதைக் கண்டுபிடிப்பது கொடுமை. விமான நிலையத்தில் தடுக்கும் சுற்றறிக்கையைப் பொதுத்துறை வங்கிகள் தாமாகவே கேட்டு வாங்க முடியாது என்று 2024-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிமன்ற வாரண்ட் இருந்தால் அந்தத் தீர்ப்பு உதவாது. வேலை விஷயமும் உண்டு. பொதுத்துறை வங்கித் தேர்வு அறிவிப்புகளில் கடன் வரலாறு சுத்தமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. அதைக் காட்டி நியமனத்தை ரத்து செய்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025-ல் ஏற்றுக்கொண்டது.

காவல் நிலையத்துக்குப் பணம் வசூலித்துக் கொடுக்கும் வேலை கிடையாது. ‘ஸ்டேஷனில் இருந்து பேசுகிறோம்’ என்று வந்தால் நிலையத்தின் பெயர், அதிகாரியின் பெயர், மனு எண் கேளுங்கள். பாதிப் பேர் அந்த நொடியே போனை வைத்துவிடுவார்கள். நிஜமாகவே விசாரணை என்றால் எழுத்துபூர்வ அழைப்பாணை வரும். சாட்சியாக விசாரிக்கப் பெண்களையும் 60 வயதைக் கடந்தவர்களையும் வீட்டை விட்டு வேறெங்கும் வரச் சொல்ல முடியாது. நீங்கள் புகார் கொடுக்கப் போனால் புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

வங்கி சாராத வட்டிக்கு 2003-ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. தண்டல், மீட்டர் வட்டி எல்லாம் அதற்குள் அடக்கம். 3 ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். அதில் கடன்காரருக்கு ஒரு நல்ல வழி உண்டு: வட்டிக்காரர் வாங்க மறுத்தால் தொகையை நீதிமன்றத்தில் கட்டி, கடன் தீர்ந்ததாகப் பதியச் சொல்லி மனுப் போடலாம். கட்டாய வசூலைத் தடுக்க 2025-ல் தனிச் சட்டமும் வந்திருக்கிறது. ஆனால் மனு கொடுப்பதோடு வேலை முடிவதில்லை. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டியால் ஒரு குடும்பமே உயிரிழந்தது, பலமுறை மனு கொடுத்த பிறகு. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்து மனு, பல நேரம் நீங்கள் யார்மேல் குறை சொன்னீர்களோ அதே நிலையத்துக்கே திரும்பி வரும். மனு எண்ணை வாங்கி, எந்த அலுவலகத்துக்குப் போயிருக்கிறது என்று ஒரு வாரத்தில் கேளுங்கள். உள்ளூர் நிலையத்தின் மேலேயே புகார் என்றால் மாவட்ட எஸ்பி-க்குத் தனியாக எழுதுங்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச வக்கீல் உதவிக்கு 15100.

சம்பளத்தைப் பறித்துவிடுவார்கள் என்ற பயமும் பாதிதான் உண்மை. சிவில் நீதிமன்ற டிக்ரியோ அதற்குச் சமமான தீர்ப்போ இல்லாமல் தனியார் கடனுக்குச் சம்பளத்தை ஜப்தி செய்ய முடியாது. டிக்ரி வந்தாலும் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொடக்கூடாதவை. 31,000 சம்பளத்தில் அதிகபட்சம் 10,000. பிஎஃப், கிராஜுவிட்டி, அரசு ஓய்வூதியம் முழுவதும் பாதுகாப்பு. பணம் தர முடியாத ஏழ்மைக்காக மட்டும் சிவில் சிறையில் அடைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1980-ல் சொல்லிவிட்டது. பணக் கடன் டிக்ரிக்குப் பெண்களைச் சிறை வைக்கவே முடியாது. டிக்ரி இல்லாமலே கைவைக்கும் வழி ஒன்று உண்டு: கடனும் சம்பளக் கணக்கும் ஒரே வங்கியில் இருந்தால், கணக்கில் உள்ளதைக் கடனுக்கு ஈடு செய்துகொள்ளும் உரிமையை வங்கி எடுத்துக்கொள்ளும். சம்பளத்தை வேறு வங்கிக்கு மாற்றுவது தவறில்லை, தவணை தவறும் முன்பே மாற்றுங்கள்.

அரசுக்கே பாக்கி என்றால் நீதிமன்றம் தேவையில்லை. வருமான வரித்துறை வங்கிக் கணக்கை நேரடியாக முடக்கும். வருவாய் வசூல் சட்டம் 1864-ன்படி தாசில்தார் ஜப்திக்கு வரலாம். வாய் பேசி இவர்களைத் தள்ளிப் போட முடியாது. கேட்பு நோட்டீஸில் உள்ள கெடு முடிவதற்குள் தவணை கேட்டு எழுத வேண்டும்.

சிவில் வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டுக் கெடு உண்டு. அது முடியும் தறுவாயில் ‘ஒரு ஐந்நூறு மட்டும் கட்டி இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள்’ என்று கனிவாக ஒரு குரல் வரும். கெடுவுக்குள் எழுதிக் கொடுத்த ஒப்புதல், அன்றிலிருந்து கெடுவைப் புதிதாகத் தொடங்கிவைக்கும். கட்டும் எண்ணம் இருந்தால் முழு சமரசத்துக்குப் பேசுங்கள்.

சமரசம் என்றால் முதலில் கடிதம், பிறகு பணம். வங்கியின் தலைப்புத் தாளில் அல்லது அதன் அதிகாரபூர்வ மின்னஞ்சலில் கடன் எண், முழு இறுதித் தொகை, கெடு தேதி இருக்க வேண்டும். ஒரு தவணை தப்பினால் சலுகை முழுவதும் ரத்து என்ற வரி அதில் இருக்கும், படித்துவிட்டுச் சம்மதியுங்கள். சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று விழும், ‘குளோஸ்டு’ ஆகாது. மீதியையும் கட்டினால்தான் மாற்றுவார்கள். தவறான பதிவைத் திருத்தச் சொல்லி 30 நாளில் சரிசெய்யாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

138 வழக்கு நிலுவையில் இருந்தால் கடிதத்தில் கட்டாயம் ஒரு வரி கேளுங்கள்: எந்த நீதிமன்றம், எந்த எண், பணம் வந்த எத்தனை நாளில் வழக்கைத் திரும்பப் பெறுவார்கள் என்று. கடன் பிரிவில் கணக்கை முடித்த செய்தி வக்கீலுக்குப் போய்ச் சேராமல், வாய்தாவுக்கு நீங்கள் வரவில்லை என்று வாரண்ட் பிறப்பிக்கப்படுவது உண்டு. வழக்கு முடிந்த உத்தரவின் சான்றிட்ட நகலை நீங்களே மனுப் போட்டு வாங்குங்கள். பாஸ்போர்ட் அலுவலகம் கேட்பது அந்த நகலைத்தான், வங்கி தரும் என்ஓசியை (பாக்கி இல்லை என்ற சான்றை) அல்ல.