நம்பாதவன் கேட்ட காஸ்பல்

மார்ச் 3, 2024, ஞாயிறு

அமெரிக்கப் பாடகி அரீதா ஃபிராங்க்ளின் 1972 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பாப்டிஸ்ட் தேவாலயம் ஒன்றில் இரண்டு இரவுகள் பாடிப் பதிவுசெய்த 'அமேசிங் கிரேஸ்' என்னும் காஸ்பல் (அமெரிக்கக் கறுப்பினத் தேவாலயங்களின் பக்தி இசை) தொகுப்பை இன்று முழுமையாகக் கேட்டேன். தலைப்புப் பாடல் மட்டுமே பத்து நிமிடங்களுக்கு மேல் நீள்கிறது. அச்சில் பார்த்தால் சில வரிகள்தாம். ஆனால் அவர் ஒவ்வொரு சொல்லையும் இழைத்து, வளைத்து, ஓரிடத்தில் நிறுத்தி, கூட்டத்தின் குரல் எழுந்து வந்து தம்மை ஏந்திக்கொள்ளும்வரை காத்திருந்த பிறகே அடுத்த சொல்லுக்குப் போகிறார். அந்த நிகழ்ச்சியின் படத்தில், உடன் நின்று நடத்திய ஜேம்ஸ் கிளீவ்லாந்து முகத்தை மூடிக்கொண்டு அழுகிறார். எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. இருந்தும் எனக்கும் கண் கலங்கியது. அது ஏன் என்று தெரிந்தாக வேண்டும்.

மார்ச் 5, செவ்வாய்

இசையை மட்டும் ரசி, சொற்களை விட்டுவிடு என்கிறார் நண்பர். அதற்குச் சான்றாக நிற்கக்கூடிய பதிவு ஒன்று உண்டு. கண்பார்வையற்ற பாடகரான பிளைண்ட் வில்லி ஜான்சன் 1927இல் டல்லாஸ் நகரில் பதிவுசெய்த 'டார்க் வாஸ் த நைட்' என்னும் பாடலில் ஒரு சொல்கூட இல்லை; கிதார் தந்தியின் மேல் வழுக்கிச் செல்லும் ஒலியும், அதற்கு மறுமொழிபோல் அவருடைய முனகலும் மட்டுமே. 1977இல் வாயேஜர் விண்கலங்களில், பூமியின் ஒலிகளைப் பதிந்து அனுப்பிய தங்க இசைத்தட்டிலும் இது இருக்கிறது.

ஆனால் அந்தத் தலைப்பு, கெத்செமனே தோட்டத்தில் இயேசு தனித்துத் தவித்த இரவைப் பற்றிய பழைய துதிப்பாடல் ஒன்றின் முதல் வரி. வரிகளைப் பாடி முடித்தபின் அதே மெட்டை வெறும் முனகலாகத் தொடர்வது அமெரிக்கக் கறுப்பினத் தேவாலயங்களின் பழைய வழக்கம். ஆகவே அவர் சொற்களைக் கைவிடவில்லை. அவற்றைத் தாண்டிப் போயிருக்கிறார். நண்பரின் விளக்கம் எனக்குப் போதவில்லை.

மார்ச் 6, புதன்

எட்வின் ஹாக்கின்ஸ் குழுவினரின் 'ஓ ஹாப்பி டே'. 1969இல் இது வெகுமக்கள் பாடல் வரிசைகளில் ஏறியதில் வியப்பில்லை. மனம் மலர்ந்தது, எழுத வேறொன்றும் இல்லை.

மார்ச் 10, ஞாயிறு

தாமஸ் டார்சி ஒரு காலத்தில் மா ரெய்னி என்னும் பாடகிக்குப் பியானோ வாசித்த, ப்ளூஸ் என்னும் கறுப்பின மக்களிசைக் கலைஞர். 1932இல் அவர் வெளியூரில் பாடிக்கொண்டிருந்தபோது, பிரசவத்தில் மனைவி இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. வீடு திரும்பிய சிறிது நேரத்தில் குழந்தையும் இறந்தது. அந்தத் துயரத்தில் பிறந்ததுதான் 'டேக் மை ஹேண்ட், பிரெஷஸ் லார்ட்'. 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கின் இறுதிச் சடங்கில் காஸ்பல் பாடகி மகேலியா ஜாக்சன் அதைப் பாடினார்.

அதில் போதனை என்று எதுவும் இல்லை. களைத்துவிட்டேன், தளர்ந்துவிட்டேன், கையைப் பிடித்துக்கொள் என்று கேட்கிறது, அவ்வளவுதான். டார்சிக்குக் கேட்பதற்கு ஒருவர் இருந்தார், எனக்கு இல்லை. இந்த வேறுபாட்டை மழுப்பிவிட்டு, எல்லாம் ஒன்றுதான் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அது அவருடைய நம்பிக்கைக்கும் மரியாதை ஆகாது, என் நம்பிக்கையின்மைக்கும் நேர்மை ஆகாது. ஆனால் அந்த வேண்டுதலின் குரலை நான் அறிவேன். அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த இரவில், ஆளில்லாத நடைவழியில் நின்றுகொண்டு, யாரிடம் என்று தெரியாமலே, "கொஞ்சம் பிடித்துக்கொள்" என்று நானும் சொல்லியிருக்கிறேன்.