படுத்துக் கிடக்கும் கோடு

பிப்ரவரி 4, செவ்வாய், குன்னூர்

காலை பத்தேகாலுக்குப் பள்ளத்திலிருந்து ஊட்டி மலை ரயிலின் விசில். காட்டேரியைத் தாண்டிவிட்டது என்று கணக்கு. தோசையைப் பாதியில் விட்டுவிட்டு வலது கை பென்சிலைத் தேடியது. ரிட்டயராகி எத்தனை வருஷமானாலும் இது போகவில்லை. “கையைக் கழுவுங்க முதல்ல” என்றாள் வீட்டம்மா.

அப்பா இந்த வண்டியில் பிரேக்ஸ்மேன். மலையேறும்போது இன்ஜின் பின்னால் நின்று தள்ளும். ஒவ்வொரு பெட்டியின் முன்பக்கத் திண்ணையிலும் ஒருவர் நின்று பிரேக் பிடிக்க வேண்டும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை நடுத்தண்டவாளம் பல் வைத்தது. மழை, பனி, கரிப்புகை எல்லாம் சட்டையில் அப்பிக்கொண்டு வீட்டுக்கு வருவார். அவர் பிள்ளையான நான் சமவெளியில் செக்‌ஷன் கன்ட்ரோலர். ஜன்னல் திரை போட்ட அறைக்குள் உட்கார்ந்து, ஒரு ரயிலையும் கண்ணால் பார்க்காமலே காலமெல்லாம் ரயில் ஓட்டினேன். “நீ ரயில்வேயிலதான் இருக்கியா, பேங்க்லயா?” என்று அப்பா கேட்டதுண்டு.

பிப்ரவரி 6, வியாழன்

கன்ட்ரோல் என்றால் என்ன என்று பேத்தி கேட்டாள். சொல்லிப் பார்த்தேன், பாதியில் போனை எடுத்துவிட்டாள். இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

மேஜை நிறைய ஒரு சார்ட். குறுக்கே மணி நேரம், கீழிருந்து மேலே ஸ்டேஷன்கள், தூரத்துக்குத் தகுந்த இடைவெளியில். காதில் ஹெட்போன். ஒவ்வொரு ஸ்டேஷன் மாஸ்டரும் வண்டி வந்த நேரம், போன நேரம் சொல்லச் சொல்லப் புள்ளி வைத்துக் கோடு இழுக்க வேண்டும். எங்கள் அறையில் எக்ஸ்பிரஸுக்குச் சிவப்பு, பாசஞ்சருக்கு நீலம், சரக்கு வண்டிக்குக் கருப்பு. வேகமான வண்டியின் கோடு செங்குத்தாக எழும். மெதுவான வண்டி படுத்துவிடும். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் இரண்டு கோடுகள் ஸ்டேஷன் கோட்டின் மேல்தான் வெட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் வெட்டினால், காகிதத்தில் அது ஒரு பெருக்கல் குறி. தரையில் என்னவென்று எழுத வேண்டியதில்லை. அப்படி வெட்டவிடாமல் யாரை எந்த லூப்பில், அதாவது ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்கும் பக்கத் தண்டவாளத்தில், எத்தனை நிமிஷம் நிறுத்துவது என்று தீர்மானிப்பதுதான் கிராசிங் போடுவது. ஆறு மணி நேர டூட்டி. அதற்கு மேல் மனுஷனால் முடியாது.

எனக்கு இன்னும் பிடித்தது சாயங்காலம் நாலு மணி. தினமும் 16.00-க்கு எல்லா ஸ்டேஷனும் ஒரே நேரத்தில் லைனுக்கு வரும். நான் நேரம் சொல்வேன், அவர்கள் கடிகாரத்தைத் திருத்துவார்கள். அந்தப் பத்து விநாடி முழு செக்‌ஷனும் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும். யார் வீட்டுக் காக்கையோ, யார் ஸ்டேஷன் ஆட்டுக்குட்டியோ, எல்லாம் காதில் கேட்கும்.

இப்போது கம்ப்யூட்டரில் கோடு வருகிறது. நல்லதுதான், அழிரப்பர் வேண்டாம். குறை சொல்ல நான் யார்.

பிப்ரவரி 7, வெள்ளி

பழைய ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவரிடமிருந்து போன்! அவர் வேலை பார்த்த ஸ்டேஷன் பெயர்தான் எனக்கு அவர் பெயர், அதை இங்கே எழுதப் போவதில்லை. பதினோரு வருஷம் தினமும் பேசியிருக்கிறோம், ஒருநாளும் முகம் பார்த்ததில்லை. தைப்பூசத்துக்குப் பழனி வருகிறாராம், அப்படியே மேட்டுப்பாளையம் வந்து மலை வண்டியில் மேலே ஏறுகிறாராம். “கன்ட்ரோல் சார், டிக்கெட் கிடைச்சிருச்சு” என்றார். குரல் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு ராத்திரி ஞாபகம் வருகிறது. மீட்டர்கேஜ் காலம். அவர் ஸ்டேஷனில் ஒரு பாசஞ்சர் நிற்கிறது, கிராசிங்கும் முடிந்துவிட்டது, ஆனால் கிளம்பவில்லை. மணி அடிக்கிறேன், அடிக்கிறேன், பதில் இல்லை. தூங்கிவிட்டார் என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. கடைசியில் மெல்ல ஒரு குரல்: “சார், மேஜை மேல நிக்கிறேன். டோக்கன் பெட்டி மேல பாம்பு.”

அந்தப் பெட்டியிலிருந்து இரும்பு உருண்டை ஒன்றை எடுத்து, பையில் போட்டு, வளையத்தில் மாட்டி டிரைவரிடம் நீட்ட வேண்டும். அந்த உருண்டை கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை நகர்த்த மாட்டார். பாயின்ட்ஸ்மேன் கம்போடு வந்து சேர 22 நிமிஷம். சார்ட்டில் தாமதத்துக்குக் காரணம் எழுதும் இடத்தில் ‘பாம்பு’ என்று எழுதினேன். மறுநாள் மேலதிகாரி, “என்ன பாம்பு?” என்று மெமோ அனுப்பினார். சாரைப்பாம்பு என்று பதில் எழுதி அனுப்பினோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாஸ்டருக்கு ஒரு கெட்ட பழக்கம், மூன்று நிமிஷம் விழுங்குவார். வண்டி 9.11-க்குப் போயிருந்தால் 9.08 என்பார், தாமதம் தன் தலையில் விழக்கூடாதே. அடுத்த ஸ்டேஷன்காரர் நேரம் சொன்னதும் எனக்குத் தெரிந்துவிடும். நான் கேட்டதில்லை. மனசுக்குள்ளேயே மூன்றைக் கூட்டிக்கொண்டு கிராசிங் போடுவேன்.

பிப்ரவரி 10, திங்கள்

பனி. முழங்கால் வலி. வேறொன்றுமில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

விடிவதற்கு முன்பே எழுந்துவிட்டேன். பழைய மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் சார்ட் போட்டேன். மேட்டுப்பாளையம் 0, கல்லாறு 8, அடர்லி 13, ஹில்குரோவ் 18, ரன்னிமேடு 21, காட்டேரி 25, குன்னூர் 28. கிலோமீட்டருக்கு ஒரு செ.மீ. பேத்தியின் டப்பாவிலிருந்து நீலப் பென்சில்.

7.10. போன் அடித்தது, மாஸ்டர்தான். “கன்ட்ரோல், மேட்டுப்பாளையம் ரைட் டைம்.” புள்ளி வைத்தேன். கை நடுங்கியது, வயசுதான்.

கல்லாறு வந்ததும் நேரம் சொன்னார். அதற்கப்புறம் சிக்னல் போய்விட்டது. அடர்லிக்கு உத்தேசமாகப் புள்ளிக்கோடு போட்டுவிட்டுக் காத்திருந்தேன். ஹில்குரோவில் இன்ஜின் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் மறுபடி குரல்: “வந்து நின்னாச்சு. வடையைக் குரங்கு பிடுங்கிருச்சு. எழுதிக்குங்க.” எழுதிக்கொண்டேன். “9.08 புறப்பாடு” என்றார் பிறகு.

கோட்டைப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. 12 அடிக்கு ஓர் அடி ஏறும் பாதை, பல்சக்கரப் பகுதியில் மணிக்கு 13 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இத்தனை ஏற்றமும் என் காகிதத்தில் சோம்பேறி சரக்கு வண்டி மாதிரி மல்லாந்து படுத்துக் கிடக்கிறது. அப்பா நின்றுகொண்டே வந்த மலை இதில் எங்கேயுமே இல்லை.

காலண்டரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். 10.36-க்கு வண்டி வந்தது. நீராவி இன்ஜினைக் கழற்ற ஆரம்பித்தார்கள். இங்கிருந்து ஊட்டிக்கு டீசல். பிளாட்பாரம் நிறைய ஆட்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். முகம் தெரியாமல் யாரைத் தேடுவது? போன் அடித்தது. “கன்ட்ரோல், குன்னூர் வந்தாச்சு.” போனிலும் கேட்டது, இடது தோளுக்குப் பின்னாலும் கேட்டது. திரும்பினேன். நான் நினைத்ததைவிட ரொம்பக் குள்ளம்.

பெஞ்சில் உட்கார்ந்து டீ வாங்கினோம். நேரில் பேச இரண்டு பேருக்கும் வார்த்தை வரவில்லை. காலண்டரைப் பிரித்து மடியில் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கல்லாறிலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தவர், ஹில்குரோவில் நின்றுவிட்டார்.

“இது 9.08 இல்ல சார், 9.11. பழக்கதோஷம்.”

“தெரியும் மாஸ்டர்” என்றேன். அவரே பென்சிலை வாங்கித் திருத்தினார்.