ஃபலாஃபல்: மூன்றாவது முறை உடையாமல் வந்தது

ஃபலாஃபல் என்பது கொண்டைக்கடலையை அரைத்து, உருண்டை பிடித்து எண்ணெயில் பொரிக்கும் அரபுப் பலகாரம். முதல் இரண்டு முறையும் கொண்டைக்கடலையைக் குக்கரில் வேகவைத்துத்தான் அரைத்தேன். முதல் முறை எண்ணெயில் போட்ட ஒரு நிமிடத்தில் ஓரம் பிரிந்து, எண்ணெய் முழுக்க நுரையும் துகளுமாகிவிட்டது. அடுத்த முறை கடலை மாவு சேர்த்தேன். உடையவில்லை, ஆனால் உள்ளே களி மாதிரி இருந்தது.

தப்பு வேகவைத்ததில்தான். வெந்த கடலையில் மாவுச்சத்து ஏற்கெனவே நீரை இழுத்துக் குழைந்துவிடுகிறது. வெறுமனே ஊறிய கடலை என்றால், அது எண்ணெய்ச் சூட்டில்தான் குழைந்து உருண்டையை இறுக்கிப் பிடிக்கிறது.

இந்த முறை 200 கிராம் கடலையை ராத்திரியே ஊறப்போட்டேன். காலையில் எடை ஏறக்குறைய இரு மடங்கு. நீரை வடித்து, துணியில் அரை மணி நேரம் பரப்பிவைத்தேன். இந்த ஈரத்தை எடுக்காவிட்டால் மற்றதெல்லாம் வீண். அப்புறம் பாதி வெங்காயம், நாலு பல் பூண்டு, இரண்டு கைப்பிடி கொத்தமல்லித்தழை, சீரகம், தனியா, உப்பு. மிக்ஸியில் சொட்டுத் தண்ணீர் விடாமல், விட்டு விட்டு ஓட்டினேன். விரலில் தேய்த்தால் ரவை போல நெருட வேண்டும். கையில் அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும். ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, பொரிக்கும் முன்புதான் கால் ஸ்பூன் சமையல் சோடா கலந்தேன்.

எண்ணெய் 175 முதல் 180 டிகிரி செல்சியஸ். தெர்மாமீட்டர் இல்லையென்றால் அரைத்ததில் ஒரு சிட்டிகை போடுங்கள், உடனே குமிழியோடு மேலே வர வேண்டும். பெரிய நெல்லிக்காய் அளவில் 20 உருண்டை வந்தன. பெரிதாகப் பிடித்தால் நடுவில் வேகாது, பச்சைக் கடலை வயிற்றுக்கு ஆகாது. நாலு நிமிடத்தில் எடுத்துப் பிட்டேன். மேலே கருஞ்சிவப்பாக மொறுமொறுப்பு, உள்ளே இளம்பச்சை, ஆவி பறந்தது. அவ்வளவு சந்தோஷம்!

சத்துக் கணக்கும் போட்டேன். உலர்ந்த கடலை 100 கிராமில் புரதம் சுமார் 20 கிராம், நார்ச்சத்து சுமார் 12 கிராம். ஆக ஓர் உருண்டைக்குப் புரதம் 2 கிராம். புரதம் அமினோ அமிலங்களால் ஆனது; கடலைப் புரதத்தில் அவற்றில் லைசின் அதிகம், மெத்தியோனின் குறைவு. எள்ளில் இது நேர்மாறு, ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். அதனால்தான் கூடவே தொட்டுக்கொள்ளும் எள் விழுது, தஹினி, வெறும் ருசிக்கு மட்டுமல்ல. அதில் பிழியும் எலுமிச்சை, கடலையின் இரும்புச்சத்து உடலில் சேர உதவுகிறது.

எகிப்தில் கடலைக்குப் பதில் ஃபாவா என்ற ஒருவகை அவரைப் பயறில் செய்கிறார்கள், பெயர் தஅமியா. தோல் நீக்கிய ஃபாவா வாங்கி வைத்திருக்கிறேன், இன்று ராத்திரி ஊறப்போட வேண்டும்.