ஜவுளிக்கடையிலிருந்து தெரபி அறைக்கு

ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டு மசாஜ் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றதும், "போலீஸ் பிடிச்சுட்டுப் போறதா பேப்பர்ல போடுறானே, அந்த வேலையா?" என்று கேட்டார் அம்மா. எங்கள் தெருவில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிவிடப் போகிறவர் அவர்தான். அதைச் சொன்னால், "அது வேற, இது வேற" என்றார்.

ஆசை வந்ததற்குக் காரணம் எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்துக் கானாடுகாத்தான். அங்கே பழைய செட்டியார் வீடுகள் சில ஹோட்டல்களாகிவிட்டன. வெளிநாட்டு விருந்தாளிகள் எண்ணெய் மசாஜ் கேட்கிறார்கள். நான் விசாரித்த இடங்களிலெல்லாம் தெரபிஸ்ட் கேரளத்திலிருந்து வந்தவராகவே இருந்தார். உள்ளூரில் ஆள் கிடைப்பதில்லை என்றார்கள்.

சித்த மருத்துவம் படித்தால் என்ன என்றுதான் முதலில் யோசித்தேன். பி.எஸ்.எம்.எஸ். நாலரை வருடப் படிப்பு, அதற்கு மேல் ஒரு வருடம் பயிற்சி மருத்துவர். நீட் எழுத வேண்டும். பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப் எடுத்தவளுக்கு அந்தப் பக்கமே வழி கிடையாது. அடுத்து, 15 நாளில் சான்றிதழ் தரும் ஒரு பயிற்சி நிலையம். தங்க பார்டர் போட்ட சான்றிதழைக் காட்டி, பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். யார் உடம்பில் பழகுவது என்று கேட்டேன். வீடியோ அனுப்புவார்களாம். கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

குழப்பத்தைத் தீர்த்துவைத்தவர் எங்கள் பக்கத்துச் சித்த மருத்துவர் ஒருவர். மருத்துவ மன்றத்தில் பதிவு இல்லாமல் வைத்தியம் பார்க்கக் கூடாது, நோய்க்குப் பெயர் சொல்லக் கூடாது, மருந்து எழுதக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மருத்துவர் சொல்வதைக் கையால் செய்கிற தெரபிஸ்டாக வரலாம். அதற்கு ஸ்பா தெரபிஸ்ட் சான்றிதழ் ஒரு வழி. ஆயுர்வேதச் சிகிச்சை முறையான பஞ்சகர்மாவில் தெரபிஸ்ட் பயிற்சி இன்னொரு வழி. சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் தொக்கணமும், அதாவது உடம்பைப் பிடித்துவிடுவதும், ஒன்று என்பதையும், தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று அது ஒன்பது வகைப்படும் என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். வர்மப் புள்ளிகள் பக்கம் மட்டும் போகாதே, அதை ஆசானிடம் உட்கார்ந்து பழக வேண்டும் என்றார்.

நான் கேரளத்துக்குப் போனேன், பஞ்சகர்மா பயிற்சிக்கு. அம்மா ஒருவழியாகச் சம்மதித்தது பெண்களுக்குப் பெண்களே செய்வார்கள் என்று கேட்ட பிறகுதான்.

மசாஜ் என்றால் கைவலு என்றுதான் நினைத்துப் போனேன். அங்கே முதலில் கவனிக்கச் சொன்னது கையை அல்ல, கால்களை. கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தால் சில வருடங்களில் விரல் மூட்டு போய்விடும் என்றார் பயிற்சி கொடுத்த சேச்சி. குதிகாலை ஊன்றி, இடுப்பை முன்னே தள்ளி, உடம்பின் எடையை முன்னங்கை வழியாக இறக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டு நின்றால் விரல்முட்டி தொடும் உயரத்தில் மேசை இருக்க வேண்டும். அதிகமானால் தோள் வலிக்கும், குறைந்தால் இடுப்பு. எண்ணெயை நேரடியாக அடுப்பில் வைப்பதில்லை. வெந்நீருக்குள் கிண்ணத்தை இறக்கிச் சூடாக்கி, மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகுதான் ஊற்ற வேண்டும். ஒத்தடம் கொடுக்கும் இலை மூட்டையான இலைக்கிழிக்கு நொச்சி, எருக்கு, ஆமணக்கு இலைகளை நறுக்கி, தேங்காய்த் துருவலும் எலுமிச்சையும் சேர்த்து வதக்கிக் கட்டுவோம். எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் சும்மா கிடக்கிற இலைகள் அவை!

கையைப் பழக்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது, எப்போது கை வைக்கக் கூடாது என்பது. காய்ச்சல், தோல் புண், புதிதாகப் புடைத்த வீக்கம், காலில் நரம்புச் சுருட்டல், கர்ப்பம் என்று பெரிய பட்டியல். விருந்தாளி மேசையில் படுப்பதற்கு முன்னால் இதையெல்லாம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

ஊர் திரும்பி ஒரு ஹோட்டலில் சேர்ந்தேன். எங்கள் தெரபி அறையில் ஆத்தங்குடி டைல்ஸ். பார்க்க அழகுதான், எண்ணெய் ஒரு சொட்டு விழுந்தால் போதும், வழுக்கிவிடும். கடலைமாவைத் தூவித் துடைத்துவிட்டுத்தான் விருந்தாளியைக் கீழே இறங்கவிடுவேன். சீசனில் ஒரு பிரெஞ்சுக்கார அம்மா விமானத்தில் வந்த மறுநாளே மசாஜுக்கு எழுதியிருந்தார். ஒரு கால் ஆடுசதை மட்டும் வீங்கியிருந்தது; தொட்டால் சூடு. நெடும் பயணத்துக்குப் பிறகு இப்படி இருந்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், உருவினால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். செய்ய மாட்டேன், டாக்டரைப் பாருங்கள் என்றேன். காரைக்குடியில் ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்று வந்தது. மேலாளர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நாளைக்கே இன்னொருவர் அப்படி வந்தாலும் அதையேதான் சொல்வேன்.

வருமானம் அக்டோபரிலிருந்து மார்ச் வரை நன்றாக இருக்கும். கோடையில் ஹோட்டல் காற்று வாங்கும். அப்போது அந்தச் சித்த மருத்துவர் அனுப்பும் வீடுகளுக்குப் போகிறேன். தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் பெரிய வீடுகளில் தனியாக இருக்கும் ஆச்சிமார்தான் அதிகம். "ஆத்தா, அந்த முழங்காலை இன்னும் கொஞ்சம் நீவிவிடு" என்பார்கள். நோய் தீர்ந்துவிடும் என்று யாரிடமும் சொல்வதில்லை. வலி கொஞ்சம் தணியும், தூக்கம் வரும் என்று மட்டும் சொல்வேன். பெண்கள் மட்டும், பகலில் மட்டும், வீட்டில் இன்னொருவர் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் போனிலேயே சொல்லிவிடுவேன்.

பயிற்சிக்குச் சேரப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: மருத்துவர் மேற்பார்வையில் எத்தனை மணி நேரம் ஆள் மீது பழகுவோம்? சான்றிதழ் கொடுப்பது யார்? பதில் சுற்றி வளைத்து வந்தால் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள்.