குகையில் ஆடி

சேலத்தில் பிறந்தவர்களுக்கு ஆடிதான் பெரிய நோம்பி. தீபாவளிக்குப் புதுத்துணி உண்டு, பட்டாசு உண்டு, ஒரே நாளில் முடிந்தும்விடும். ஆடி அப்படியில்லை. மாசம் பூராவும் ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும். வேலைக்காகச் சென்னையில் இருந்த காலத்தில் ‘ஆடி ஆகாத மாசம்’ என்று சொன்னவர்களை நிறையப் பார்த்தேன். ஆடி என்றதும் துணிக்கடைத் தள்ளுபடி மட்டுமே ஞாபகம் வருகிறவர்களையும் பார்த்தேன். அவர்களில் பலருக்கு எங்கள் ஊர் ஆடியைப் பற்றி மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். பேசியதையெல்லாம் எழுதியும் வைத்துவிடலாம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

நான் சேலம் டவுனில் குகை என்கிற பேட்டையில் வளர்ந்தவள். அப்பா தறிக்காரர். வீட்டுக்குள்ளேயே குழித்தறி, அதில் வெண்பட்டு வேட்டி நெய்வார். விடிகாலையில் பாவடி என்கிற திறந்த இடத்தில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருப்பார்கள். நாங்கள் ஓடி விளையாடினால் ‘நூல் அறுந்துடும், அந்தப்பக்கம் போங்க’ என்று விரட்டுவார்கள். வருஷத்தில் ஒரு நாள் மட்டும் யாரும் விரட்ட மாட்டார்கள். அது ஆடி ஒண்ணாம் தேதி, தேங்காய் சுடுகிற நோம்பி.

இந்த நோம்பி சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர்ப் பக்கத்தைத் தாண்டினால் பலருக்குத் தெரியாது. ஆடி பிறக்கும் நாள் ஜூலை 16 அல்லது 17-ல் வரும். அதற்கு முன்பே சின்னக்கடை வீதியிலும் அம்மாபேட்டையிலும் ரோட்டோரத்தில், தேங்காயைச் செருகிச் சுடுகிற அழிஞ்சிக் குச்சியைக் கட்டுக்கட்டாகச் சாய்த்து வைத்து விற்பார்கள். பச்சைக் குச்சியாக இருக்க வேண்டும். பட்டையை உரித்தால் வழவழவென்று வரும். காய்ந்த குச்சி நெருப்பில் பற்றிக்கொள்ளும், தேங்காய் வேகும் முன்னே அடுப்புக்குள் விழுந்துவிடும். ஆயா, அதாவது என் பாட்டி, குச்சி வாங்கும்போது ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்துத்தான் எடுக்கும். விற்கிறவர் முகம் சுளித்தாலும் விடாது.

தேங்காய்க்கு நாரைச் சுத்தமாக உரித்துவிட வேண்டும். அதற்குமேல் ஒட்டியிருக்கும் பிசிறைச் சொரசொரப்பான தரையிலோ கல்லிலோ தேய்த்து எடுப்பது பிள்ளைகள் வேலை. ஓடு மழமழவென்று ஆகும்வரை தேய்ப்போம், உள்ளங்கை சூடேறிவிடும். யார் தேங்காய் நன்றாக மின்னுகிறது என்று தெருவே பார்த்துச் சொல்லும். பிறகு மூன்று கண்ணில் மெதுவான கண்ணைக் குத்தித் திறந்து, தண்ணீரை ஒரு சொம்பில் வடித்துக்கொள்ள வேண்டும். உள்ளே போடுகிற பூரணம் வீட்டுக்கு வீடு மாறும். எங்கள் வீட்டில் ஊறவைத்த பாசிப்பருப்பு, அவல், பொட்டுக்கடலை, எள், பொடித்த வெல்லம், ஏலக்காய். பக்கத்து வீட்டில் அவலுக்குப் பதில் பச்சரிசி போடுவார்கள்; எனக்கு அது கொஞ்சம் கடிக்கிற மாதிரி இருக்கும். ஒரு குச்சியால் குத்திக் குத்தி அந்தச் சின்ன ஓட்டை வழியாக இவ்வளவையும் இறக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்களால் முடியாது. முழுக்க நிரப்பவும் கூடாது, உள்ளே வெந்து உப்புவதற்கு இடம் வேண்டும். வடித்த தண்ணீரில் கொஞ்சத்தை மறுபடி ஊற்றிவிட்டு, அழிஞ்சிக் குச்சியின் முனையைச் சீவி அந்தக் கண்ணிலேயே இறுக்கமாகச் செருகிவிட்டால் தேங்காய் தயார். மேலே மஞ்சள் பூசிப் பொட்டு வைப்போம்.

சாயங்காலம் வீட்டுக்கு வீடு வாசலில் தீ மூட்டுவார்கள். தென்னை மட்டை, காய்ந்த ஓலை, சுள்ளி எது கிடைக்கிறதோ அது. சுற்றி ஆளுக்கொரு குச்சியைப் பிடித்துக்கொண்டு நிற்போம். ஒரே பக்கம் காட்டக் கூடாது, திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். மஞ்சள் கருகி, ஓடு கறுத்து, உள்ளே தண்ணீர் கொதிக்கிற சத்தம் குச்சி வழியாகக் கையில் அதிரும். எனக்கு இந்த நோம்பியிலேயே பிடித்தது அந்த அதிர்வுதான். கடைசியில் ஓடு ‘டப்’பென்று விரிசல் விடும், தேங்காய் எண்ணெயும் வெல்லமும் சேர்ந்த வாசம் தெரு முழுக்க எழும். சுட்ட தேங்காயைக் குச்சியோடு பிள்ளையாருக்குக் கொண்டுபோய் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் உடைப்போம். ஓட்டோடு ஒட்டின பக்கம் லேசாகத் தீய்ந்த புகை ருசி, நடுவில் வெந்து குழைந்த இனிப்பு. எந்தப் பாத்திரத்தில் வைத்துச் செய்தாலும் அந்த ருசி வராது.

ஏன் சுடுகிறோம் என்று கேட்டால் ஆயா பாரதக் கதை சொல்லும். ஆடி ஒண்ணாம் தேதி பாரதப் போர் ஆரம்பித்தது, பதினெட்டாம் தேதி முடிந்தது. போர் தொடங்கும் நாளில் தர்மம் ஜெயிக்கணும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் சுட்டுப் படைத்தார்கள். அதனால்தான் நாமும் சுடுகிறோம். எங்கள் பக்கத்தில் எந்த வீட்டில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். குருக்ஷேத்திரம் எங்கேயோ வடக்கே இருக்கிறது; அந்தப் போருக்கு வேண்டிக்கொண்டு சேலத்தில் ஒரு சின்னப் பிள்ளை தேங்காயைத் தேய்க்கிறது. எனக்கு இதை நினைக்கிறபோதெல்லாம் பெருமையாக இருக்கும்.

புதுசாகக் கல்யாணமானவர்களுக்கு அன்றைக்குத் தலை ஆடி. மகளையும் மாப்பிள்ளையையும் முறையாகப் போய் அழைத்து வந்து, துணிமணி எடுத்துக் கொடுத்து, விருந்து வைப்பார்கள். எங்கள் வீட்டுக்காரருக்குச் சங்கரன்கோவில் பக்கம். அவர் ஊரில் ஆடித் தபசு பெரிய விசேஷம், அதைப் பற்றி என்னிடம் நிறையச் சொல்லியிருந்தார். தேங்காயைச் சுடுவார்கள் என்று மட்டும் அவர் கேள்விப்பட்டதே இல்லை. தலை ஆடிக்கு வந்தவர் கையில் அப்பா ஒரு குச்சியைக் கொடுத்து, “வாங்க மாப்ள, நீங்களும் பிடிங்க” என்றார். “மாமா, இது எவ்வளவு நேரம் காட்டணும்?” என்று இவர் கேட்டார். “அதுவே சொல்லும் மாப்ள, பிடிச்சுக்கிட்டு நில்லுங்க” என்று சொல்லிவிட்டு அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டார். அதற்குமுன் அவர்கள் இருவரும் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. அன்றைக்குத் தேங்காய் வெடிக்கிற வரை தபசைப் பற்றியும் தறியைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

இப்போது கேஸ் அடுப்பிலேயே சுட்டுவிடுகிறார்கள். மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு வேறு வழியில்லை, புரிகிறது. ஆனால் வாசல் இருக்கிறவர்கள் தெருவில் இறங்கித் தீ மூட்ட வேண்டும் என்பது என் ஆசை. நான் அஸ்தம்பட்டிக்குக் குடிவந்த பிறகும் ஆடி ஒண்ணாம் தேதிக்குப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குத்தான் போகிறேன். தெருவில் நாலு வீட்டுத் தீ தெரிந்தால்தான் அவளுக்கும் அது நோம்பி.

ஆடிப் பதினெட்டுக்கு எங்கள் மாவட்டமே மேட்டூருக்குப் போகும். காவிரியில் முழுகிவிட்டு அணைக்கட்டு முனியப்பனைக் கும்பிட்டு வருவார்கள். கிராமத்துக்காரர்கள் தங்கள் சாமியின் வேல், கத்தி எல்லாவற்றையும் மேளதாளத்தோடு எடுத்து வந்து ஆற்றில் கழுவிக்கொண்டு போவார்கள். அதைத் தனியாக எழுத வேண்டும், இதில் அடங்காது.

சேலம் டவுனுக்கு ஆடி என்றால் மாரியம்மன். திருமணிமுத்தாற்றங்கரையில் இருக்கும் கோட்டை மாரியம்மன்தான் எட்டுப் பேட்டை மாரியம்மன்களுக்கும் பெரியவள். அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டை, சஞ்சீவராயன்பேட்டை, பொன்னம்மாபேட்டை, குகை என்று ஒவ்வொரு பேட்டைக்கும் ஒருத்தி உண்டு. ஆடி பிறந்து ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி பூச்சாட்டினால், அதாவது அம்மனுக்குப் பூப் போட்டுத் திருவிழாவைத் தொடங்கினால், நகரமே விரதத்துக்குப் போய்விடும். அப்புறம் கம்பம் நடுவார்கள். விடியற்காலையில் பெண்கள் ஈரத்துணியோடு குடம் குடமாகக் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். அடுத்தடுத்துச் சக்தி அழைப்பு, கரகம், உருளுதண்டம், பொங்கல், பூமிதி. கோட்டை மாரியம்மனுக்கு உப்பும் மிளகும் கொண்டுபோய்க் கொட்டுவது, கண்ணடக்கம் என்கிற கண் வடிவ வெள்ளித் தகடு சாத்துவது எல்லாம் வேண்டுதலைப் பொறுத்தது. கோயில் திருப்பணி வருஷக்கணக்கில் நடந்து, 2023 அக்டோபரில்தான் கும்பாபிஷேகம் ஆனது. அதுவரை சாரம் கட்டின கோயிலுக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டு வந்த அம்மா, அந்த வருஷம் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள்.

பொங்கல் புதன்கிழமையில் வரும். அன்றைக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. மாவிளக்கும் பொங்கலும் கூழுமாக எந்தப் பேட்டைக்குப் போனாலும் அடுப்புப் புகை. மறுநாள் வியாழக்கிழமை ராத்திரிதான் எங்கள் குகையின் நாள், வண்டி வேடிக்கை.

குகை மாரியம்மன் காளியம்மன் கோயிலில் நூறு வருஷத்துக்கு மேலாக இது நடக்கிறது. நேர்ந்துகொண்டவர்கள் சாமி வேஷம் கட்டி, ஜோடித்த வண்டியில் கோயிலைச் சுற்றி வருவார்கள். தாத்தா காலத்தில் மாட்டு வண்டி. இப்போது டிராக்டரும் லாரியும். ஒரு வண்டியில் மீனாட்சி கல்யாணம், அடுத்ததில் மகிஷனை வதம் செய்யும் அம்மன், அதற்குப் பின்னால் கயிலாயம். எந்தப் புராணக் காட்சி என்பதைத் தெருக்காரர்கள் பல வாரத்துக்கு முன்பே முடிவு செய்துவிடுவார்கள். பக்கத்துத் தெருவுக்குத் தெரியவும் விட மாட்டார்கள். அட்டையை வெட்டுவது, தெர்மாகோலைச் செதுக்குவது, சீரியல் லைட் கட்டுவது எல்லாம் தறி முடிந்த பிறகு ராத்திரியில் நடக்கும். பகலில் ஜரிகை நூலைப் பிடிக்கிற விரல்கள்தான் ராத்திரியில் கிரீடத்துக்கு மணி கோக்கும். நல்ல ஜோடனைக்குப் பரிசும் உண்டு.

என் தம்பி ஒரு வருஷம் மாரியம்மன் வேஷம் கட்டினான். அவன் குழந்தைக்கு அம்மை போட்டிருந்தபோது அம்மா நேர்ந்துகொண்டது அது. பூச்சாட்டிய அன்றைக்குக் காப்புக் கட்டிக்கொண்டவன் பாயில்கூடப் படுக்கவில்லை, வெறும் தரையில்தான் தூங்கினான். வியாழக்கிழமை மத்தியானமே முகத்துக்கு மஞ்சள் வண்ணம் பூச ஆரம்பித்துவிட்டார்கள். புடவை, ஒட்டியாணம், முதுகில் இறுக்கிக் கட்டின மரக் கைகள், தலையில் நாகக் கிரீடம். வேஷம் கட்டுகிறவர் கண்ணுக்கு மை தீட்டி முடித்துத் தள்ளி நின்று, “இனிமே பேசக் கூடாது சாமி” என்றார். அதோடு அவன் வாயே திறக்கவில்லை.

வண்டி தெருமுனை திரும்பும்போது பம்பை முழங்கியது. அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. “ஆத்தா, தாயே, எல்லாப் பிள்ளைங்களையும் காப்பாத்து” என்று சத்தமாகச் சொல்லிக் கற்பூரம் காட்டினாள். தாய்மார்கள் கைக்குழந்தைகளைத் தூக்கி அவன் காலில் படும்படி நீட்டினார்கள். எலுமிச்சம்பழம் கேட்டவர்களுக்கெல்லாம் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அம்மை போட்டு எழுந்த அந்தக் குழந்தையையும் அவன் மனைவி மற்றவர்களைப் போலவே வரிசையில் நின்றுதான் நீட்டினாள். அவனும் மற்ற குழந்தைகளைப் போலவே அதன் நெற்றியிலும் விபூதி வைத்தான். கிரீடத்தின் பாரம் கழுத்தை அழுத்துவது கீழே நின்ற எனக்கே தெரிந்தது. ஜோடனைக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருந்த பையன் ஒருவன் தண்ணீர் பாட்டிலில் உறிஞ்சுகுழல் வைத்துக் கூட்டம் இல்லாத இடத்தில் நீட்டுவான். தம்பி ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடி நிமிர்ந்து நிற்பான். நடுராத்திரி தாண்டி வண்டி கோயில் முன்னால் வந்து நிற்கும்வரை அவன் உட்காரவே இல்லை.

ஒரு குறையை மட்டும் சொல்லியாக வேண்டும். சில வண்டிகளில் பெரிய பெரிய ஸ்பீக்கர் கட்டிச் சினிமாப் பாட்டைப் போடுகிறார்கள். அந்த இரைச்சலில் முன்னால் போகிற வண்டியின் பம்பையும் உடுக்கையும் அடிபட்டுப் போகிறது. இத்தனை வாரம் ராத்திரி கண்விழித்துச் செய்த வேலைக்கு அந்தப் பாட்டு ஏன் என்று எனக்குக் கோபம் வரும். பம்பைக்காரர்கள் நாலு பேரைக் கூடுதலாகக் கூப்பிடுங்கள், அந்தக் காசு அவர்கள் வீட்டுக்குப் போகட்டும் என்று தெருக் கூட்டத்தில் சொல்லிப் பார்த்தேன். எங்கள் தெருவில் கேட்டார்கள்.

வண்டி வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் பொழுது சாயும்போதே வந்துவிடுங்கள். திருச்சி மெயின் ரோட்டில் பஸ்ஸையெல்லாம் வேறு வழியாகத் திருப்பிவிடுவார்கள், கடைசியில் கொஞ்ச தூரம் நடந்துதான் ஆக வேண்டும். சின்னப் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் இருந்தால் கோயில் பக்கம் நில்லுங்கள். இல்லாவிட்டால் கூட்டம் குறைவான தெருமுனையே நல்லது, வண்டி அங்கே திரும்புவதற்கு நேரமாகும், சாமியை நிதானமாகப் பார்க்கலாம். நடுவில் பசித்தால் ஓரத்தில் தட்டுவடை செட் போடுகிற வண்டிகள் வரிசையாக நிற்கும். செவ்வாய்ப்பேட்டையிலும் வண்டி வேடிக்கை உண்டு, அங்கே வீடு இருக்கிறவர்கள் அதுதான் பெரியது என்று சொல்வார்கள். நான் குகைக்காரி, என்னிடம் கேட்காதீர்கள்.